அப்பப்பாவின் றங்குப் பெட்டியில் கிடைத்த பழைய தாள்கள்: விலை என்ன, முதலீடு ஆகுமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வலிகாமத்தில் இருக்கும் பழைய வீட்டைத் திருத்தும்போது அப்பப்பாவின் றங்குப் பெட்டிக்குள் ஒரு கட்டுப் பழைய காசுத் தாள் கிடைத்திருக்கிறது. அவர் மலாயாவில் ரெயில்வேயில் வேலை செய்து, பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். கட்டுக்குள் ஜப்பானியர் அச்சடித்த மலாயா டொலர்கள், ஆறாம் ஜோர்ஜ் மன்னர் படம் போட்ட இலங்கை ஒரு ரூபாத் தாள்கள், எலிசபெத் மகாராணி படத்தோடு ஓர் ஐந்து ரூபா, பண்டாரநாயக்கா படத்தோடு சில நூறு ரூபாத் தாள்கள், 1942ஆம் ஆண்டின் ஓர் ஐந்து சதத் தாள் ஆகியவை இருக்கின்றன. முகநூலில் ஒருவர் "லட்சக்கணக்கில் போகும்" என்றிருக்கிறார். இன்னொரு நண்பர், வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கும் ஐந்து லட்சத்தை எடுத்துப் பழைய தாள்களாக வாங்கி வைக்கச் சொல்கிறார். நீங்கள் எழுதியது விலை பற்றித்தான். ஆனால் மகளின் படிப்புக்கு வைத்த காசு அது என்று கடைசி வரியில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் பட்டது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் நெடுங்காலம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நாள் முழுக்கத் தாள் எண்ணுகிற வேலை. கிழிந்தது எது, கழுவியது எது, கள்ளத்தாள் எது என்று விரலே சொல்லப் பழகிவிடும். பழைய தாள் சேர்க்கும் பழக்கமும் அங்கேதான் தொட்டது. இலங்கைத் தாள்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். எது வெறும் ஊகமோ, அதை ஊகம் என்றே சொல்வேன்.

முதலில் உறுதியானது ஒன்று. பழையது என்பதால் மட்டும் ஒரு தாளுக்கு விலை வருவதில்லை. எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், எத்தனை தாள் மிஞ்சியிருக்கிறது, உங்கள் கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. எண்பது வருடப் பழைய தாள் ஒன்று ஒரு சாப்பாட்டுக் காசுக்கு விற்கும். நாற்பது வருடத் தாள் ஒன்றுக்கு ஆட்கள் அடிபடுவார்கள்.

இதற்கு உங்கள் பெட்டியிலேயே உதாரணம் இருக்கிறது, அந்த ஜப்பானிய டொலர்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபின் ஜப்பானியர் மலாயாவில் தங்கள் சொந்தத் தாள்களைப் புழக்கத்தில் விட்டார்கள். பத்து டொலர்த் தாளில் குலையோடு வாழைமரம் இருக்கும். அதனாலேயே அங்கே வாழைமரக் காசு என்று பெயர். தொடக்கத்தில் வந்த தாள்களில் தொடர் இலக்கம் இருந்தது. பிறகு கணக்கில்லாமல் அடிக்கத் தொடங்கியபோது இலக்கத்தையே விட்டுவிட்டு, மலாயாவைக் குறிக்கும் எம் என்ற எழுத்தில் தொடங்கும் எழுத்துகளை மட்டும் போட்டார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் பிரித்தானியர் வந்து அந்தக் காசு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். சம்பளத்தை அந்தக் காசில் வாங்கிச் சேமித்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் ஒரே நாளில் வெறும் கடதாசிக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். மலாயாப் பென்சனியர் இருந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றைக்கும் இந்தத் தாள்கள் கட்டாக அகப்படுவதற்கு அதுதான் காரணம். செல்லாத காசை யாரும் செலவழிக்கவில்லை, எறியவும் மனம் வரவில்லை. ஆகவே உலகம் முழுக்க ஏராளமாக மிஞ்சியிருக்கிறது. இலக்கமில்லாத சாதாரண பத்து டொலர்த் தாளை இன்றைக்கும் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். இலக்கம் உள்ளவை அதைவிட அரிது. அதனால் கட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, எழுத்துகளோடு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். இந்தத் தாள்களின் மறுபதிப்புகளும் சந்தையில் உண்டு; ஆனால் உங்களுடையது அப்பப்பா கொண்டுவந்த கட்டு என்பதால் அந்தச் சந்தேகம் குறைவு.

அடுத்தது அந்த நூறு ரூபாத் தாள்கள். இவற்றுக்கு ஒரு கதை இருக்கிறது; உங்கள் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 1970 ஒக்டோபரில், நிதி அமைச்சராக இருந்த கலாநிதி என்.எம். பெரேரா, புழக்கத்தில் இருந்த 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் இனிச் செல்லாது என்று அறிவித்தார். வீடுகளில் பதுக்கி வைத்த கணக்கில்லாக் காசை வெளியே இழுப்பதுதான் நோக்கம். குறித்த நாளுக்குள் வங்கியில் கொடுத்து மாற்ற வேண்டும். மாற்ற முடியாமல் போனவர்கள், பயந்து எரித்தவர்கள், வைத்த இடத்தை மறந்தவர்கள் என்று பலவிதம். உங்கள் பெட்டியில் இருப்பவை அப்படித் தப்பியவையாக இருக்கலாம், தேதியைப் பார்த்தால் தெரியும். இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட மற்றப் பழைய தாள்கள் சட்டப்படி இன்னும் அவற்றின் முகப் பெறுமதிக்குச் செல்லும். 1970 ஒக்டோபருக்கு முந்திய 50, 100 மட்டும் செல்லாது. செல்லாதது என்பதால் மனம் சோர வேண்டாம். பெரும் பகுதி வங்கிக்குத் திரும்பி அழிக்கப்பட்டதால் நல்ல நிலையில் மிஞ்சியவற்றைச் சேகரிப்போர் தேடுகிறார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நான்காக மடித்து, குண்டூசி குத்தி வைத்திருந்தது போலிருக்கிறது. துருப்பிடித்த ஊசித்துளை விலையைக் குறைக்கும்தான், ஆனால் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடாது. அந்தக் காலத்துக் கட்டுகளில் ஊசித்துளை சாதாரணம். சேகரிப்போருக்கும் அது தெரியும்.

மன்னர் படம் போட்ட ஒரு ரூபாத் தாள்கள் 1941 முதல் பல தேதிகளில் வந்தவை. போர்க்காலத்தில் இந்தியாவில் அச்சடித்தார்கள். கசங்கியவை நிறையக் கிடைக்கும். மொரமொரவென்று இருக்கும் தாளை மட்டும் தனியே எடுங்கள். அதே கூட்டத்தில், 1951 ஜனவரி 20 என்று தேதி போட்டு மத்திய வங்கியின் பெயரோடு ஒரு ரூபாவோ பத்து ரூபாவோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மத்திய வங்கி 1950 ஓகஸ்டில் தொடங்கியது. அது வெளியிட்ட முதல் தாள்கள் இவை. ஒரு பக்கம் நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் கையொப்பம், மற்றப் பக்கம் முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்ரரின் கையொப்பம். எக்ஸ்ரர் அமெரிக்கர். எங்கள் நாட்டு மத்திய வங்கியின் முதல் தாளில் ஓர் அமெரிக்கரின் கையொப்பம் இருப்பதை இளம் பிள்ளைகளுக்குக் காட்டினால் நம்பமாட்டார்கள். வரலாறு படிப்பிக்க இதைவிட நல்ல கடதாசி கிடையாது என்பது என் எண்ணம்.

மகாராணியின் ஐந்து ரூபாதான் உங்கள் கட்டில் கவனமாகப் பார்க்க வேண்டிய தாள். மகாராணியின் படம் இலங்கைத் தாள்களில் 1952இல் வந்தது. 1956இல் அதை எடுத்துவிட்டு அரச இலச்சினை போட்ட தாள்களை விட்டார்கள். அவ்வளவு குறுகிய காலம். அதைவிட முக்கியமான விடயம், உலகம் முழுவதும் எலிசபெத் மகாராணியின் படம் உள்ள தாள்களை மட்டுமே சேர்க்கிற ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. பிஜியோ கனடாவோ இலங்கையோ, எந்த நாடு என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. ஆகவே இந்தத் தாளுக்குக் கொழும்பில் மட்டுமல்ல, லண்டனிலும் சிட்னியிலும் ஆள் இருக்கிறது.

இந்தத் தாளை எப்படிப் பார்ப்பது என்று விரிவாகச் சொல்கிறேன், மற்றத் தாள்களுக்கும் இதே முறைதான். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். முதலில் தேதியையும் கையொப்பங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வடிவத் தாள் வேறு வேறு தேதிகளில் வந்திருக்கும், ஒரு தேதி மலிவாகவும் இன்னொன்று அரிதாகவும் இருக்கும். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நீரடையாளத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துத் தாளில் சிங்க உருவம் தெரியும். அதோடு ஊசித்துளை, ஒட்டு, மெலிந்த இடம் எல்லாம் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். அப்புறம் தாளை மேசையில் வைத்து, பக்கவாட்டில் இருந்து டோர்ச் அடியுங்கள். நேரே பார்க்கும்போது மடிப்பே இல்லாதது போல இருந்த தாளில் நடுவே ஒரு கோடு எழும்பித் தெரியும். அதுதான் மடிப்பு. யாரோ அயன் பண்ணி மறைத்திருந்தாலும் இந்தச் சரிவு வெளிச்சத்தில் தப்பாது. கடைசியாக, படம் அச்சான இடத்தில் நகத்தால் மிக மெதுவாகத் தடவிப் பாருங்கள். செதுக்குத் தகட்டில் அடித்த மை சற்று மேடாக இருக்கும். கழுவி அழுத்திய தாளில் அந்த மேடு செத்துப்போயிருக்கும்.

கள்ளத்தாள் பார்க்கப் பயன்படுத்தும் ஊதா வெளிச்சக் குட்டி டோர்ச் இருந்தால் இன்னும் நல்லது. பழைய காசுத் தாள் பருத்தி நாரில் செய்தது. ஊதா வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரியும். இப்போதைய வெள்ளைக் கடதாசியில் பளபளப்புக்காகச் சேர்க்கும் இரசாயனம் நீல வெள்ளையாக ஒளிரும். 1940களின் தாள் என்று சொல்லித் தருவது பளிச்சென்று ஒளிர்ந்தால் ஒன்று அது போலி, இல்லாவிட்டால் யாரோ சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். இரண்டுமே வாங்கக்கூடாத தாள்.

தரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. புழக்கத்துக்கே போகாத தாளை யு.என்.சி. என்பார்கள். அதற்குக் கீழே ஏ.யு., ஈ.எப்., வி.எப்., பைன் என்று இறங்கும். வெளிநாட்டுத் தர நிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலில் இலக்கம் போட்டு, தாளைக் கண்ணாடி போன்ற உறையில் மூடித் தரும். பி.எம்.ஜி. அதில் பெயர் பெற்றது. ஒரே தாள் யு.என்.சி. நிலையில் இருப்பதற்கும் நடுவில் இரண்டு மடிப்போடு இருப்பதற்கும் விலை பல மடங்கு வேறுபடும். முகநூலில் உங்களுக்கு லட்சம் என்று சொன்னவர் எங்கேயோ யு.என்.சி. தாளின் விலையைப் பார்த்துவிட்டு உங்கள் தாளுக்குப் போட்டிருப்பார். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து நானும் தரம் சொல்ல மாட்டேன். கைத்தொலைபேசிப் படத்தில் மடிப்பும் தெரியாது, கழுவியதும் தெரியாது. கையில் வாங்கிப் பார்க்காமல் துல்லியமாக விலை சொல்கிறவர் ஒன்று விளையாடுகிறார், இல்லை ஏதோ திட்டத்தோடு வருகிறார்.

அந்த ஐந்து சதத் தாளைக் கண்டதும் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். போர்க்காலத்தில் சில்லறைக்கு உலோகம் தட்டுப்பாடு. 1942இல் சதக் கணக்கிலும் தாள் அடிக்க வேண்டி வந்தது. ஐந்து சதத் தாளின் நடுவே தபால் முத்திரையில் இருப்பது போலத் துளைக்கோடு ஓடும். அதில் கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். மிச்சச் சில்லறை கொடுக்க முதலாளிமார் கிழித்தார்கள். ஆகவே கிழிக்காத முழுத் தாளுக்கு மதிப்பு உண்டு. துளைக்கோட்டில் மடித்துத் திறந்து விளையாடாதீர்கள். அந்த இடம்தான் முதலில் அறும். முழுக்கட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தாள்தான், மகாராணியைவிட இதன் விலை குறைவாக இருக்கலாம் என்றாலும்.

இனிக் காசை இதில் போடும் விடயம். இங்கே நான் தயங்காமல் சொல்வேன்: மகளின் படிப்புக் காசை எடுக்காதீர்கள். காரணத்தையும் சொல்கிறேன். உங்களிடம் ஒரு சோடி தங்கக் காப்பு இருக்கிறது என்று வையுங்கள். அவசரம் என்றால் கஸ்தூரியார் வீதிக்குப் போய் முதல் கடையில் கேட்டாலும் பத்தாவது கடையில் கேட்டாலும் பவுண் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மாலைக்குள் காசு கையில். பழைய தாளுக்கு அப்படி ஒரு வீதி இல்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களுக்கு அந்த மாதம் அந்தத் தாள் தேவைப்பட வேண்டும். வியாபாரியிடம் கொடுத்தால் அவர் விற்கிற விலையில் பாதியைச் சொன்னாலே நியாயமான வியாபாரி. அவரிலும் பிழையில்லை, அந்தத் தாள் அவரிடம் வருடக்கணக்கில் கிடக்கலாம். ஆகவே இன்றைக்கு வாங்கிய தாள் விலை இரட்டித்தால்தான் நீங்கள் போட்ட காசாவது வியாபாரியிடமிருந்து திரும்பும். அதுவரை வட்டியும் இல்லை.

நண்பர் சொன்ன "பல மடங்கு" கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனதும், அந்த செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டதும் எங்கள் எல்லோருக்கும் பட்ட அனுபவம். நல்ல தாள்களின் விலையை உலகச் சந்தை டொலரிலோ பவுண்சிலோ போடுகிறது. ஆகவே அந்த வருடம் ரூபாவில் பார்த்தால் எல்லாத் தாளும் ஏறியது போல இருந்தது. ஏறியது தாளின் மதிப்பு அல்ல, இறங்கியது எங்கள் ரூபா. அதே ஏற்றம் தங்கப் பவுணிலும் கிடைத்தது, விற்கிற தலையிடி இல்லாமல். அரிதான, முதல் தரத் தாள்கள் நீண்ட காலத்தில் ஏறியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அப்படி ஏறிய தாள்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் அவற்றைப் பற்றிப் பல வருடம் படித்தவர்கள். நாளைக்கும் ஏறுமா என்பது வெறும் ஊகம். காசுத் தாளையே தொடாமல் தொலைபேசியில் காசு அனுப்பி வளர்கிற பிள்ளைகள் பெரியவர்களானபின் இவற்றைத் தேடுவார்களா என்பதை நானோ உங்கள் நண்பரோ சொல்லிவிட முடியாது. தேடுவார்கள் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆசையில் மற்றவரின் காசைப் போடச் சொல்லக் கூடாது.

புதுத் தாள்களைக் கட்டாக வாங்கிப் பதுக்குவதும் பலர் செய்வது. சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டுக்கு 1998இல் வந்த 200 ரூபாத் தாள் நாட்டின் முதல் பிளாஸ்டிக் தாள். 2009இல் போர் முடிந்ததை ஒட்டி ஓர் ஆயிரம் ரூபாத் தாள் வந்தது. இப்படி ஞாபகார்த்தமாக வரும் தாளை வெளியான அன்றே எல்லோரும் எடுத்து வைக்கிறார்கள். எல்லோரும் எடுத்து வைத்தது எப்படி அரிதாகும்? ஒன்றை ஆசைக்கு வையுங்கள், போதும். இதற்கு மாறாக, யாரும் கவனிக்காமல் செலவழித்த சாதாரணத் தாள்களில்தான் பின்னாளில் அரிதானவை வருகின்றன. அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாகக் கட்டில் வைக்கும் மாற்றுத் தாள்கள் அதில் ஒரு வகை. எங்கள் தாள்களில் அவற்றின் தொடர் இலக்கம் இசட் எழுத்தில் தொடங்கும். உங்கள் பணப்பையிலேயே ஒன்று இருக்கலாம். முதலீடு இல்லாமல் பொழுதுபோக்கைத் தொடங்க அது நல்ல வழி. இன்னொரு வழி 1979ஆம் ஆண்டுத் தாள்கள். மீன், வண்ணத்துப்பூச்சி, பறவை என்று எங்கள் நாட்டு உயிர்களை லக்கி சேனநாயக்க வரைந்த வரிசை அது. சின்னப் பெறுமதித் தாள்கள் இன்னும் கைக்கெட்டும் விலைதான். உலகத்தில் எந்த நாட்டுத் தாளோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு அழகு.

மோசடி பற்றியும் எச்சரிக்க வேண்டும். இன்ன இலக்கம் உள்ள தாள் இருந்தால் பல லட்சம் தருகிறோம் என்று முகநூலில் விளம்பரம் வரும். தொடர்பு கொண்டால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று முதலில் உங்களிடம் காசு கேட்பார்கள். கட்டியதும் ஆளைக் காணோம். இந்தியாவில் இது எவ்வளவு பரவியது என்றால், ரிசர்வ் வங்கியே 2021 ஓகஸ்டில், தன் பெயரைச் சொல்லிப் பழைய தாள் வாங்க விற்கக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அறிவித்தது. வாங்குகிறவன் விற்கிறவனிடம் காசு கேட்பது எந்த நேர்மையான வியாபாரத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் அகதியாக இருந்து திரும்பிய சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் 2016இல் செல்லாமல் போன இந்திய 500, 1000 தாள்களும் இருக்கலாம். அவற்றைக் கட்டாக இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துத் தாளுக்கு மேல், ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25க்கு மேல், வைத்திருப்பது குற்றம்.

பாதுகாப்புக்கு வருவோம், இதை இன்றைக்கே செய்ய வேண்டும். எங்கள் ஊர் உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் கடதாசிக்கு எதிரி. அதோடு கறையான், இராமபாணப் பூச்சி. முதலில் குண்டூசிகளையும் கம்பிகளையும் மெதுவாகக் கழற்றுங்கள். துரு ஒட்டியிருந்தால் இழுக்காமல் ஊசியைச் சுழற்றி எடுங்கள். றப்பர் பாண்ட் இருந்தால் வெட்டி எடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். கழுவாதீர்கள், அயன் பண்ணாதீர்கள், லமினேட் பண்ணவே பண்ணாதீர்கள். லமினேட் செய்த தாளைச் சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். கடையில் விற்கும் மலிவான புகைப்பட அல்பத்தின் மெல்லிய பிளாஸ்டிக் பெரும்பாலும் பி.வி.சி.; வெப்பத்தில் அது பிசுபிசுத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். மைலார் என்று கேட்டு பொலியெஸ்டர் உறை வாங்குங்கள், அல்லது பொலிபுரொப்பிலீன். கனடாவில், லண்டனில் இருக்கும் உறவினர் வரும்போது ஒரு பக்கட் கொண்டுவரச் சொன்னால் போதும். அதுவரை ஒவ்வொரு தாளையும் சுத்தமான வெள்ளைக் கடதாசிக்கு இடையில் விரித்து, ஒரு தகரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். சுவரோடு ஒட்டியோ நிலத்திலோ வேண்டாம். நப்தலீன் உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். இதற்குச் சந்தையில் ஒரு சதமும் கூடுதலாகக் கிடைக்காமல் போகலாம், ஆனாலும் செய்யுங்கள். அப்பப்பா மலாயாவில் எந்த ஊரில், என்ன வேலையில் இருந்தார், எந்த வருடம் திரும்பினார், போரில் ஊரே வெளியேறிய 1995 இடப்பெயர்வின்போது இந்தப் பெட்டி எங்கே இருந்தது, யார் தூக்கிக்கொண்டு போனது அல்லது எப்படி வீட்டிலேயே தப்பியது, இதையெல்லாம் உங்கள் அப்பாவிடமும் மாமிமாரிடமும் கேட்டு ஒரு தனிக் கடதாசியில் எழுதுங்கள். தாளில் எழுத வேண்டாம். பென்சன் புத்தகம், மலாயாவில் இருந்து வந்த கடிதம், படம் ஏதாவது கிடைத்தால் அதே பெட்டியில் வையுங்கள். எங்கள் பகுதியில் எத்தனை வீட்டில் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் படம் எல்லாம் அந்த ஓட்டத்தில் போய்விட்டன என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் உழைப்பு கைமாறிய கடதாசி அப்படியே முழுக்கட்டாக மிஞ்சுவது இங்கே சாதாரண விடயம் அல்ல. வியாபாரி ஒருவர் வந்தால் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டுப் போவார். ஜப்பானிய டொலருக்கு விலை இல்லாததால் அது குப்பைக்குப் போகும். அந்தக் கட்டில் உங்கள் அப்பப்பா இழந்த சம்பளம் இருக்கிறது. அதைக் குப்பைக்கு விடாதீர்கள்.

விற்கத்தான் வேண்டும் என்றால் மகாராணியின் ஐந்து ரூபாவையும், நூறு ரூபாத் தாள்களில் மடிப்புக் குறைந்த ஒன்றிரண்டையும் மட்டும் யோசியுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல். இணைய ஏலத்தில் விலை பார்ப்பதானால், விற்கிறவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும், அதே தேதி, அதே தரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடையாளத்துக்குத் தாளின் பிக் எண்ணைத் தெரிந்துவைத்தால் தேடுவது சுலபம். அல்பேர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய பட்டியல் எண் அது, உலகம் முழுக்க எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். பி.எம்.ஜி.க்கு அனுப்புவது செலவான வேலை. மகாராணியின் தாள் உண்மையிலேயே மடிப்பில்லாமல் இருந்தால் மட்டும் அது பற்றிப் பேசலாம். கொழும்புக்குப் போனால் கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் தாள்களின் உறவுக்காரரை அங்கே கண்ணாடிக்குள் பார்க்கலாம்.

தம்பி, கடைசியாக ஒன்று. கேள்வியோடு ஊரின் பெயர், வீட்டின் முன்பக்கம் தெரியும் படம், உங்கள் தொலைபேசி இலக்கம் மூன்றையும் போட்டிருக்கிறீர்கள். லட்சக்கணக்கில் போகும் என்று ஒருவர் அதன் கீழேயே எழுதியும் இருக்கிறார். இதை வாசித்ததும் முதல் வேலையாக அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தாளின் இரண்டு பக்கத்தையும், தேதியும் கையொப்பமும் தெரியும்படி, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எந்தத் தேதி அரிது என்பதை மட்டும் நான் பார்த்துச் சொல்கிறேன்.